கம்ப்யூட்டர் வேலையும் கழுத்துவலி, முதுகுவலியும்: ஆராய்ச்சி எதை முதல்ல பாக்கணும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிசியோதெரபிஸ்ட். சென்னை தொரைப்பாக்கம் பக்கம் ஒரு சின்ன கிளினிக், பதினாலு வருஷமா அங்கதான். வர்றவங்கள்ல பாதிக்கு மேல ஐ.டி. கம்பெனிகள் இருக்கிற ஓ.எம்.ஆர். ரோட்டுல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து வேலை பாக்குறவங்க. கழுத்து, தோள்பட்டை, இடுப்பு, மணிக்கட்டு, இதுல ஏதாவது ஒண்ணு வலிக்கும், சில பேருக்கு நாலும். அவங்க ட்ரீட்மெண்ட் எடுத்துக்கிட்டே கேக்குற கேள்விகளையும், இன்டர்ன்ஷிப்புக்கு வர்ற பசங்க கேக்குற கேள்விகளையும் சேத்து இங்க எழுதியிருக்கேன். முக்கால்வாசி கேள்வி கடைசில ஒரே இடத்துலதான் வந்து நிக்குது, இவ்ளோ பேருக்கு வலி இருக்கே, ஆராய்ச்சி பண்றவங்க எதை முதல்ல கையில எடுக்கணும்னு. இதுல எனக்குன்னு ஒரு பதில் இருக்கு, அதையும் மறைக்காம சொல்லியிருக்கேன்.

தசை எலும்புக் கோளாறுன்னா எதைச் சொல்றாங்க?

தசை, தசைநாண், மூட்டு, ஜவ்வு, டிஸ்க், நரம்பு, இதுல வர்ற வலி, பிடிப்பு, மரத்துப்போறது எல்லாத்துக்கும் சேத்து வெச்ச பேரு. ஆபீஸ் ஆளுங்களுக்கு பெரும்பாலும் எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியாது, பிளட் டெஸ்ட்லயும் தெரியாது, ஆனா வலி நிஜமா இருக்கும். உலகம் முழுக்க 2020-ல இடுப்புவலி மட்டும் 61.9 கோடி பேருக்கு இருந்துச்சு, 2050-க்குள்ள இது 84.3 கோடி ஆகும்னு கணக்குப் போட்டிருக்காங்க. இதுல எல்லாரும் ஆபீஸ் ஆளுங்க இல்ல, மூட்டை தூக்குறவங்க, நாத்து நடுறவங்க, வயசானவங்க எல்லாரும் இருக்காங்க.

இது ஐ.டி. வந்தப்புறம் வந்த புது வியாதிதானே?

இல்லங்க. 300 வருஷத்துக்கு முன்னாடியே இத்தாலில பெர்னார்டினோ ரமஸ்ஸினின்னு ஒரு டாக்டர் கணக்கெழுதுற குமாஸ்தாக்களைப் பாத்து எழுதி வெச்சுட்டார். அவங்க கஷ்டத்துக்கு மூணு காரணம் சொல்றார்: ஓயாம உக்காந்திருக்கிறது, கையை ஒரே மாதிரி ஒரே பக்கமா அசைச்சுக்கிட்டே இருக்கிறது, தப்பு வந்துடக்கூடாதேன்னு மனசுல இருக்கிற இறுக்கம். இந்த மூணாவது காரணத்தைப் படிக்கும்போது எனக்கு எப்பவும் கொஞ்சம் சிலிர்க்கும். ஏன்னா இன்னைக்கும் நாம முதல் ரெண்டைத்தான் அளந்துக்கிட்டு இருக்கோம், மூணாவதை பெரும்பாலும் விட்டுடறோம்.

அப்புறம் தந்தி வந்துச்சு. தந்தி அடிக்கிறவங்களுக்கு கை இழுத்துக்கிற பிரச்சினையை 1908-லயே பிரிட்டன்ல நஷ்டஈடு கிடைக்கிற தொழில் நோய்ப் பட்டியல்ல சேத்துட்டாங்க. 1960-கள்ல ஜப்பான்ல கம்ப்யூட்டருக்காக அட்டையில ஓட்டை போட்டு டேட்டா ஏத்துற, அதாவது கார்டு பஞ்ச் பண்ற பொண்ணுங்களுக்கு கழுத்துல இருந்து கை வரைக்கும் வலி வந்து, அந்த வேலைக்கு நேர வரம்பு, கட்டாய இடைவேளைன்னு அரசாங்கமே வழிகாட்டுதல் கொண்டு வந்துச்சு. 1980-கள்ல ஆஸ்திரேலியாவுல கீபோர்டு வேலை செய்றவங்க மத்தியில ஆர்.எஸ்.ஐ., அதாவது ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்றதால வர்ற கை வலி, அலை மாதிரி பரவி, சில வருஷத்துல அடங்கியும் போச்சு. அது உடம்புப் பிரச்சினையா, வேலை அழுத்தமா, நஷ்டஈட்டு முறையால பெருசாச்சான்னு அங்க நடந்த சண்டை ஆராய்ச்சிக்காரங்க மத்தியில இன்னும் முடியல. மெஷின் மாறிக்கிட்டே இருக்கு, வலி வர்ற வழி மட்டும் பெருசா மாறல.

ஏற்கனவே ஆயிரக்கணக்குல ஆராய்ச்சி இருக்கே, இன்னும் என்ன பாக்கணும்?

எனக்கு ரொம்ப ஆதங்கமான விஷயம் இதுதான், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

நம்ம ஊர்ல வர்ற ஆராய்ச்சில பெரும்பாலானது ஒரே மாதிரி இருக்கும். ஒரு கம்பெனிக்குப் போய் 100 பேர், 200 பேர்கிட்ட நார்டிக் கொஸ்டினேர் குடுப்பாங்க. அது 1987-ல வந்த கேள்வித்தாள், உடம்பை ஒன்பது பாகமாப் பிரிச்சு, போன 12 மாசத்துல எங்க வலிச்சுது, போன ஏழு நாள்ல எங்க வலிச்சுதுன்னு கேக்கும். நல்ல கேள்வித்தாள்தான், அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா அதை வெச்சு இத்தனை சதவீதம் பேருக்கு கழுத்துவலி, இத்தனை சதவீதம் பேருக்கு இடுப்புவலின்னு எழுதி, கடைசில எர்கோனமிக்ஸ் (வேலையிடத்தை உடம்புக்குத் தோதா அமைக்கிறது) விழிப்புணர்வு தேவைன்னு ஒரு வரி போட்டு முடிச்சிடுவாங்க. அடுத்த வருஷம் வேற காலேஜ், வேற கம்பெனி, அதே கேள்வித்தாள், அதே கடைசி வரி. வலி இருக்குன்னு திரும்பத் திரும்ப எண்ணிக்கிட்டே இருக்கோமே தவிர, எதை மாத்தினா குறையுதுன்னு பாக்குறது ரொம்ப கம்மி.

இன்னொண்ணு, அந்த மாதிரி சர்வே அன்னைக்கு சீட்ல இருக்கிறவங்களை மட்டும்தான் எண்ணும். என்கிட்ட ஒரு பொண்ணு வந்துக்கிட்டு இருந்தா, மெடிக்கல் கோடிங் வேலை (ஆஸ்பத்திரி ரெக்கார்டுகளைப் படிச்சு கோடா மாத்துறது), ரெண்டு வருஷம் தோள்பட்டை வலியோட ஓட்டிட்டு முடியாம வேலையை விட்டுட்டு திருச்சில அம்மா வீட்டுக்குப் போயிட்டா, இப்ப பசங்களுக்கு டியூஷன் எடுக்குறா. அவ இருந்த ஆபீஸ்ல நாளைக்கு சர்வே எடுத்தா அவ கணக்குலயே வரமாட்டா. வலி தாங்க முடிஞ்சவங்க மட்டும் மிஞ்சி இருக்கிற இடத்துல போய் எண்ணினா நிலைமை நல்லா இருக்கிற மாதிரிதான் தெரியும். அதே மாதிரி, வலி முதல்ல வந்துச்சா டென்ஷன் முதல்ல வந்துச்சான்னும் ஒரே ஒரு நாள்ல எடுத்த சர்வேல கண்டுபிடிக்க முடியாது. அதுக்கு ஒரே ஆளுங்களை வருஷக்கணக்குல பின்தொடரணும், வேலையை விட்டவங்களையும் சேத்து.

அப்படின்னா உங்க லிஸ்ட்ல முதல் இடம் எதுக்கு?

வேலை நடக்குற விதத்துக்கு. டார்கெட், இடைவேளை, ஷிப்ட் நீளம், எழுந்திருக்கிற சுதந்திரம். இதை மாத்திப் பாத்து, மாத்தாத டீமோட ஒப்பிட்டு, வலி குறையுதான்னு பாக்குற ஆராய்ச்சிதான் முதல்ல வேணும்.

ஏன்னு கேட்டா ஒரு சம்பவம் சொல்றேன். ஒருத்தங்க வந்தாங்க, இன்சூரன்ஸ் கிளெய்ம் பாக்குற வேலை, 27 வயசு. எப்படி வேலை பாப்பீங்கன்னு கேட்டு என் டேபிள்லயே லேப்டாப்பும் மவுஸும் வெச்சு செஞ்சு காட்டச் சொன்னேன். முதல் ரெண்டு நிமிஷம் அழகா உக்காந்திருந்தாங்க. அப்புறம் நிஜமாவே ஒரு பெண்டிங் ஃபைலைத் திறந்து படிக்க ஆரம்பிச்சாங்க, அவ்ளோதான், வலது தோள் காது பக்கம் ஒரு இஞ்ச் ஏறிடுச்சு, மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டாங்க, கிளிக் பண்ணி முடிச்சப்புறம்தான் விட்டாங்க, அடுத்த ஃபைலுக்குத் திரும்பப் பிடிச்சாங்க. சேர் அதே சேர், டேபிள் அதே டேபிள், ஃபைல் நிஜமானதும் உடம்பு மாறிடுச்சு. நடுவுல எழுந்து நடப்பீங்களான்னு கேட்டேன். "அஞ்சு நிமிஷம் மவுஸ் அசையலன்னா சாட்ல பச்சைப் புள்ளி மஞ்சளாயிடும் மேடம், டீம் லீட் எங்க போனீங்கன்னு கேப்பார்" அப்படின்னாங்க. இவங்களுக்கு நான் என்ன ஸ்ட்ரெச்சிங் சொல்லிக் குடுத்தாலும் அந்த மஞ்சள் புள்ளிக்கு என்கிட்ட மருந்து இல்ல.

இது நடக்கவே நடக்காத ஆராய்ச்சின்னும் சொல்ல முடியாது. அமெரிக்காவுல நியோஷ்ங்கிற தொழில் சுகாதார ஆய்வு நிறுவனத்துக்காரங்க வருமான வரித் துறையோட டேட்டா என்ட்ரி ஆளுங்களை வெச்சு பண்ணி 2000-ல வெளியிட்டாங்க. வழக்கமா ஷிப்ட்டுக்கு ரெண்டு தடவை 15 நிமிஷம் பிரேக். அதோட, பிரேக் இல்லாத ஒவ்வொரு மணி நேரத்துலயும் கூட ஒரு 5 நிமிஷம் குடுத்துப் பாத்தாங்க, மொத்தம் ஒரு நாளைக்கு 20 நிமிஷம்தான் அதிகம். நாலு வாரம் பழைய முறை, நாலு வாரம் புது முறைன்னு அதே ஆளுங்களுக்கே மாத்தி மாத்தி. 42 பேரோட டேட்டா வந்துச்சு. உடம்பு அசௌகரியம் குறைஞ்சுது, கண் எரிச்சலும் குறைஞ்சுது, 20 நிமிஷம் போனாலும் அடிச்சு முடிச்ச வேலையோட அளவு குறையல. சின்ன ஆய்வுதான், பழசும்தான், ஆனா மேனேஜர்கிட்ட போய்ப் பேசுறதுக்கு இதைவிட நல்ல வகை ஆதாரம் எனக்குத் தெரியாது. இதையே நம்ம ஊர் நைட் ஷிப்ட்ல, போன்லயே பேசுற வாய்ஸ் ப்ராசஸ்ல, கோடிங்ல, 42-க்கு பதிலா 400 பேரை வெச்சு ஒரு வருஷத்துக்குப் பண்ணிப் பாக்கணுங்கிறதுதான் என் ஆசை.

நல்ல எர்கோனமிக் சேர் வாங்கிக் குடுத்தா போதாதா?

சேர் முக்கியம், வேணாம்னு சொல்லவே மாட்டேன். ஆனா சேர், மவுஸ், டேபிள் மாத்துறதால கழுத்து, கை வலியைத் தடுக்க முடியுமான்னு மருத்துவ ஆய்வுகளை ஒண்ணா சேத்து அலசுற கோக்ரேன் குழு 2018-ல பாத்தப்போ, உலகம் முழுக்க மொத்தம் 15 ட்ரையல் (ஆளுங்களைக் கூட்டமாப் பிரிச்சு ஒப்பிடுற சோதனை), 2,165 பேர்தான் கிடைச்சாங்க. கையைத் தாங்கிக்கிற சப்போர்ட்டும் வேற வடிவ மவுஸும் சேத்துக் குடுத்தா கழுத்து, தோள் பிரச்சினை குறையலாம்ங்கிறது மட்டும் ஓரளவு தேறுச்சு. மத்ததுல சிலதுக்கு ஆதாரம் பத்தல, சிலதுல முடிவு முன்னுக்குப் பின் முரண். பல்லாயிரம் கோடி ரூபாய் ஆபீஸ் ஃபர்னிச்சர் விக்குற உலகத்துல 2,165 பேர்ங்கிறது எவ்ளோ சின்ன எண்ணு பாருங்க.

சேர் விஷயத்துல நம்ம ஆராய்ச்சி பாக்க வேண்டியது ஒண்ணு தனியா இருக்கு, உடம்பு அளவு. போன வருஷம் ஒருத்தங்க வந்தாங்க, உயரம் 4 அடி 11 அங்குலம். ஆபீஸ்ல விலை உயர்ந்த சேர்தான் குடுத்திருக்காங்க, இருந்தும் இடுப்புவலி. அவங்க ஃபோட்டோ எடுத்துக்கிட்டு வந்ததைப் பாத்தேன். டேபிள் உயரம் 29 இஞ்ச், ஏத்த இறக்க முடியாது. கை டேபிளுக்கு எட்டணும்னு சேரை ஏத்தியிருக்காங்க, அதுனால கால் தரையில படல, கால் தொங்குறதால முன்னாடி நகந்து சீட்டோட நுனியில நாலு இஞ்ச்லதான் உக்காந்திருக்காங்க, கீழ ஹேண்ட்பேகைப் போட்டு அது மேல பெருவிரல் ஊன்றியிருக்கு. இஞ்ச் டேப் வெச்சு முட்டிக்குப் பின்னாடி மடிப்புல இருந்து தரை வரைக்கும் அளந்தேன், பதினாலரை இஞ்ச். அந்த சேரோட மிகக் குறைஞ்ச உயரமே பதினேழு. பின்னாடி இடுப்பைத் தாங்குறதுக்கு இருக்கிற லம்பார் சப்போர்ட்டுக்கு தனியா காசு வாங்கியிருப்பாங்க, இவங்க முதுகு ரெண்டு வருஷமா அதைத் தொட்டதே இல்ல. ஒரு ஃபுட் ரெஸ்ட் வாங்கச் சொன்னேன், ரெண்டு வாரம் அலைஞ்சு வாங்கினாங்க.

இந்திய உடம்பு அளவுகளை அகமதாபாத் என்.ஐ.டி. (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) 1997-ல தொகுத்து வெளியிட்டுச்சு, அது பெரிய வேலை. அதுக்கப்புறம் ஒரு தலைமுறை வளந்து வேலைக்கு வந்துடுச்சு. இன்னைக்கு தமிழ்நாட்டு ஆபீஸ்ல உக்காந்திருக்கிற பொண்ணுங்க, பசங்க அளவு என்ன, அவங்களுக்குக் குடுக்குற டேபிள், சேர் எத்தனை பேருக்கு நிஜமாவே பொருந்துதுன்னு அளந்து பாக்குறதுக்கு பெரிய செலவே இல்ல, ஒரு இஞ்ச் டேப்பும் பொறுமையும் போதும்.

ஸ்டாண்டிங் டெஸ்க்?

உக்காந்திருக்கிற நேரம் குறையும், அதுல சந்தேகமில்ல, 2018-ல வந்த இன்னொரு கோக்ரேன் அலசல்படி ஆரம்ப மாசங்கள்ல ஒரு நாளைக்கு சுமார் 100 நிமிஷம். வலி குறையுமாங்கிறது வேற கேள்வி, அதுக்குத் தெளிவான பதில் வரல. நாள் முழுக்க நின்னா குதிகால் வலியோட வருவீங்க, அதையும் பாத்திருக்கேன்.

நேரா நிமிந்து உக்காந்தா வலி வராதுன்னு அம்மா சொல்றாங்க, டாக்டரும் சொல்றாங்க, உண்மையா?

ஒரே "சரியான" போஸ்ச்சர்னு ஒண்ணு இருக்குன்னு நானும் படிக்கும்போது நம்பினேன், பத்து வருஷம் எல்லாருக்கும் அதையே சொல்லியும் குடுத்தேன். ஆனா ஆதாரம் அந்த அளவுக்கு இல்ல. வாட்ஸ்அப்ல ஒரு படம் சுத்துமே, தலையை 60 டிகிரி குனிஞ்சா கழுத்து மேல 27 கிலோ பாரம்னு, அது 2014-ல ஒருத்தர் கம்ப்யூட்டர் மாடல்ல போட்ட கணக்கு. நிஜ ஆளுங்க கழுத்துல அளந்து எடுத்தது இல்ல, அப்படிக் குனியறவங்களுக்குத்தான் வலி வந்துச்சுன்னு காட்டவும் இல்ல. அப்புறம் 2018-ல பிரேசில்ல 18 வயசுல இருந்து 21 வயசு வரைக்கும் உள்ளவங்களைப் பாத்தப்போ, குனிஞ்சு போன் பாக்குறதுக்கும் கழுத்துவலிக்கும் தொடர்பே கிடைக்கல. இதுக்காக கூன் போட்டு உக்காருங்கன்னு சொல்லல. எவ்ளோ அழகான போஸ்ச்சரா இருந்தாலும் அதையே ரெண்டு மணி நேரம் பிடிச்சு வெச்சா வலிக்கும், அதுதான் விஷயம். கோணத்தை அளக்குறதை விட, எவ்ளோ நேரம் அசையாம இருந்தாங்க, எத்தனை தடவை நிலை மாறினாங்கன்னு அளக்குற ஆராய்ச்சிக்கு பயன் அதிகம்.

லேசான வேலைதானே, மவுஸ் 100 கிராம் கூட இல்ல, அதுக்கு எப்படி தோள்பட்டை வலி வரும்?

ரொம்ப நல்ல கேள்வி. இதுக்கு 1991-ல ஹேக்னு ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் ஒரு விளக்கம் சொன்னார், சிண்ட்ரெல்லா கருதுகோள்னு பேரு. அந்தக் கதைல எல்லாருக்கும் முன்னாடி எழுந்து எல்லாரும் தூங்கினப்புறம் படுக்குற பொண்ணு வருவாளே, அந்த மாதிரி. தசைக்குள்ள நார்கள் கூட்டம் கூட்டமா வேலை செய்யும். லேசான வேலைக்கு எப்பவும் அதே சின்ன கூட்டம்தான் முதல்ல கூப்பிடப்படும், தசை முழுசா தளரும்போதுதான் அதுக்கு விடுதலை. மூட்டை தூக்குறவங்களுக்கு தூக்கும்போது பாரம், இறக்கினதும் ஓய்வு. மவுஸ் பிடிக்கிறவங்களுக்கு பாரமே இல்ல, ஆனா அந்தச் சின்ன கூட்டத்துக்கு காலைல பத்து மணில இருந்து ராத்திரி வரைக்கும் ஓய்வே கிடைக்காது. டென்ஷன் இருந்தா வேலை நின்னாலும் அது அணையாது. கருதுகோள்தான், முழுசா நிரூபணம் ஆகல. அதனாலதான் தசை மின்னோட்டத்தை அளக்குற சின்ன சென்சாரை ஆளுங்க மேல ஒட்டி லேப்ல இல்லாம நிஜ வேலை நாள்ல, மாசக் கடைசி டெட்லைன்லயும் சாதா நாள்லயும் அளந்து, பின்னாடி யாருக்கு வலி வந்துச்சுன்னு பாக்கணும்.

எனக்கு எம்.ஆர்.ஐ.ல டிஸ்க் பல்ஜ்னு வந்திருக்கு. வேலையாலதானே?

பயப்படாதீங்க. முதுகெலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் கொஞ்சம் வெளிய பிதுங்குறதுதான் பல்ஜ். வலியே இல்லாத 3,110 பேரோட ஸ்கேன் முடிவுகளை 2015-ல ஒண்ணா சேத்துப் பாத்தாங்க. 20 வயசுக்காரங்கள்லயே 30 சதவீதம் பேருக்கு பல்ஜ், 80 வயசுல 84 சதவீதம். தலை நரைக்கிற மாதிரி டிஸ்க்கும் நரைக்குது. அந்த ரிப்போர்ட்டைப் படிச்சு பயந்துபோய் குனியறதையே நிறுத்தி, அதனாலயே இறுகிப்போய் வர்றவங்களை வாரத்துக்கு ஒருத்தராவது பாக்குறேன். ஸ்கேன் ரிப்போர்ட்டை நோயாளிகிட்ட எப்படிச் சொன்னா பயம் குறையுதுன்னு தமிழ்ல யாராவது ஒரு ட்ரையல் பண்ணா கோடிப் புண்ணியம். கால் மரத்துப்போய் பலம் குறைஞ்சா, சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனா மட்டும் அன்னைக்கே டாக்டரைப் பாருங்க, அதுல தள்ளிப்போடக் கூடாது.

மவுஸ், கீபோர்டு அதிகமா யூஸ் பண்ணா கார்ப்பல் டனல் வரும்னு சொல்றாங்களே?

கார்ப்பல் டனல்னா மணிக்கட்டுல நரம்பு அழுந்தி கை மரத்துப்போறது. டென்மார்க்ல கிட்டத்தட்ட 7,000 பேரை ஒரு வருஷம் பின்தொடர்ந்து 2003-ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. கீபோர்டால அந்த நோய் வர்றதா தெரியல, மவுஸை வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல பிடிக்கிறவங்களுக்கு மட்டும் கொஞ்சம் ரிஸ்க் கூடுது, அதுவும் உறுதியாச் சொல்ற அளவுக்கு இல்லன்னு முடிச்சாங்க. கை மரத்துப்போனா கழுத்துல இருந்தும் வரலாம், சுகர், தைராய்டு, கர்ப்ப காலம்னு வேற காரணமும் இருக்கலாம், அதை முதல்ல பாக்கணும்.

இதுல ஆராய்ச்சிக்காரங்களுக்கு ஒரு பாடம் இருக்கு. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் மவுஸ் பிடிப்பீங்கன்னு கேட்டா ஆளுங்க பொதுவா கூட்டித்தான் சொல்றாங்க, சாஃப்ட்வேர் வெச்சு அளந்தா அதைவிட நிறைய குறைவா வருது. வலி இருக்கிறவங்க இன்னும் கூட்டிச் சொன்னா தொடர்பு இல்லாத இடத்துலயும் தொடர்பு இருக்கிற மாதிரி தெரிஞ்சுடும். அதனால நேரத்தை மெஷின்ல அளக்கணும், வலியை ஆளுகிட்ட கேக்கணும்.

மெஷின்ல அளந்தா கம்பெனி எங்களைக் கண்காணிக்கத்தானே யூஸ் பண்ணும்?

இந்தப் பயம் நியாயமானது. யார் எத்தனை கிளிக் பண்ணாங்கங்கிற டேட்டா ஆராய்ச்சியாளர் கையில மட்டும் இருக்கணும், பேர் இல்லாம இருக்கணும், அப்ரைசலுக்குப் போகாதுன்னு எழுதிக் குடுக்கணும். அது இல்லாத ஆய்வுல கையெழுத்துப் போடாதீங்கன்னு நானே சொல்லுவேன்.

பொண்ணுங்களுக்குத்தான் அதிகமா வருதே, ஏன்?

பெரும்பாலான ஆய்வுல பொண்ணுங்கதான் கழுத்து, தோள் வலியை அதிகமா சொல்றாங்க, அது உண்மை. உடம்பு அளவு, ஹார்மோன்னு ஒரு பக்கம் காரணம் தேடுறாங்க, தேடட்டும். ஆனா என் டேபிள்ல படுத்துக்கிட்டு அவங்க சொல்ற நாள் எப்படின்னா, காலைல அஞ்சரைக்கு மாவு எடுத்து இட்லி ஊத்தி மூணு டப்பா கட்டி, கேப் பிடிச்சு ஆபீஸ், திரும்பி வந்து பாத்திரம், துணி, புள்ளைக்கு ஹோம்வொர்க். அந்தத் தோள் தசை எப்ப அணைஞ்சுது சொல்லுங்க? கேள்வித்தாள்ல ஆபீஸ்ல எத்தனை மணி நேரம்னு மட்டும் கேட்டா ஆணும் பொண்ணும் ஒன்பது மணி நேரம்னு சமமா எழுதுவாங்க. வீட்டு வேலை நேரத்தையும் தூக்க நேரத்தையும் கேக்காத எந்த ஆய்வும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

வொர்க் ஃப்ரம் ஹோம் வந்தப்புறம் கூடிடுச்சா?

2020 மார்ச் லாக்டவுன்ல ஒரே ராத்திரில லட்சக்கணக்கான பேர் டைனிங் டேபிளுக்கும் கட்டிலுக்கும் மாறினாங்க. எங்க கிளினிக் திரும்பத் திறந்தப்போ லேப்டாப்பை இஸ்திரி டேபிள் மேல வெச்சவங்க, தலைகாணி மேல வெச்சவங்க, பீரோ பக்கத்துல தரையில சம்மணம் போட்டவங்கன்னு எல்லாரும் வந்தாங்க. சம்மணம் போட்டவங்கள்ல சில பேர் நல்லாவே இருந்தாங்க, அது எனக்கு ஆச்சரியம். தரையில உக்காந்து வளந்த உடம்புக்கு நாற்காலிக்குன்னு எழுதின விதி அப்படியே பொருந்துமான்னு நம்ம ஊர்லதான் பாக்க முடியும், டென்மார்க்ல பாக்க முடியாது. இப்ப பாதி நாள் வீடு, பாதி நாள் ஆபீஸ்னு ஆயிடுச்சு, வீட்டுல இருக்கிற டேபிள் யாரோட பொறுப்புன்னு இன்னும் யாரும் முடிவு பண்ணல.

எக்சர்சைஸ் பண்ணா போதுமா?

போதுமான்னு தெரியாது, உதவும்னு நல்லாவே தெரியும். 2011-ல டென்மார்க்ல அடிக்கடி கழுத்து, தோள் வலி வர்ற 198 பேரை மூணா பிரிச்சு, ஒரு கூட்டம் ரப்பர் பேண்ட் வெச்சு தினமும் 2 நிமிஷம், ஒரு கூட்டம் 12 நிமிஷம், ஒரு கூட்டம் ஒண்ணும் பண்ணலன்னு பத்து வாரம் பாத்தாங்க. ரெண்டு நிமிஷக் கூட்டத்துக்கும் வலி தெளிவா குறைஞ்சுது. ரெண்டே நிமிஷம். நான் இதை எல்லாருக்கும் சொல்றேன், பேண்டும் குடுத்து அனுப்புறேன், மூணாவது வாரம் கேட்டா பெரும்பாலும் விட்டுடறாங்க. அதனால எந்த எக்சர்சைஸ் சிறந்ததுங்கிற ஆராய்ச்சி இனிமே கொஞ்சம் பொறுத்துக்கலாம். ஆறு மாசம் கழிச்சும் தொடர வைக்கிறது எப்படி, வேலை நேரத்துலயே கம்பெனி சம்மதத்தோட பண்ண வெச்சா தொடருறாங்களாங்கிற ஆராய்ச்சிதான் எனக்கு வேணும்.

சட்டம் ஏதாவது இருக்கா?

சர்வதேச தொழிலாளர் அமைப்போட 2010 தொழில் நோய்ப் பட்டியல்ல கார்ப்பல் டனல், தசைநாண் உறை வீக்கம் எல்லாம் இருக்கு. நம்ம 1948 தொழிற்சாலைச் சட்டத்தோட மூணாவது அட்டவணைல 29 நோய் இருந்துச்சு, ஈய நஞ்சு, சிலிகோசிஸ் (தூசியால வர்ற நுரையீரல் நோய்) மாதிரி, கீபோர்டு வேலையால வர்றது எதுவும் இல்ல; 2025 நவம்பர்ல அந்தச் சட்டத்துக்குப் பதிலா வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்போட பட்டியல்லயும் இல்ல. பட்டியல்ல இல்லாததால யாரும் பதிவு பண்றதில்ல, பதிவு இல்லாததால எத்தனை பேர்னு அரசாங்கத்துக்குத் தெரியாது, தெரியாததால பட்டியல்ல சேராது. ஆராய்ச்சி இந்த வட்டத்தை எங்கயாவது உடைச்சாகணும்.

தமிழ்நாட்டுல 2021-ல கடை ஊழியர்களுக்கு உக்கார இருக்கை குடுக்கணும்னு சட்டத்திருத்தம் வந்துச்சு. ஜவுளிக்கடைல பத்து மணி நேரம் நிக்கிற பொண்ணுங்களுக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு அவங்க கால் நரம்பைப் பாத்த எனக்குத் தெரியும். உக்காந்தே இருக்கிறவங்களுக்கு எழுந்து நிக்கிற உரிமை வேணும்னு கேக்கவும் அதே மாதிரி ஆதாரம் சேக்கணும்.

ஊழியர்களையே கேட்டு மாத்தினா சரியாயிடுமா?

கேக்கணும், ஆனா கேட்டா மட்டும் போதாதுன்னு ஃபின்லாந்து காட்டுது. அங்க 119 சமையல்கூடங்கள்ல 504 பேரை வெச்சு, ஊழியர்களே கூடிப்பேசி வேலையிடத்தை மாத்திப் பாத்தாங்க, 2008-ல முடிவு வந்துச்சு, வலி குறையல. ஆபீஸ் வேலை இல்லதான், ஆனா பாடம் இங்கயும் பொருந்தும். என் சொந்த அனுபவமும் அதேதான். ஒரு கம்பெனி கூப்பிட்டுச்சு, பேர் வேணாம், மூணு நாள் போய் ஒவ்வொரு சீட்டா பாத்து ரிப்போர்ட் குடுத்தேன். மணிக்கு ஒரு தடவை 5 நிமிஷம் குடுங்க, மஞ்சள் புள்ளியை வெச்சு கேள்வி கேக்காதீங்கன்னுதான் முதல் பரிந்துரை. கடைசிப் பக்கத்துல இருந்த மவுஸ் பேடை மட்டும் வாங்கிக் குடுத்துட்டு போஸ்டர் ஒட்டிட்டாங்க. எனக்கு அந்த வருத்தம் இன்னும் போகல. மாற்றம் எவ்ளோ நடந்துச்சு, யார் தடுத்தாங்க, பரிந்துரைல எது தூக்கிப் போடப்பட்டுச்சுங்கிறதையும் ஆராய்ச்சில பதிவு பண்ணணும், இல்லன்னா நடக்காத மாற்றத்தைப் பாத்து பலனில்லைன்னு எழுதிடுவோம்.

நான் எம்.பி.டி. (பிசியோதெரபி முதுநிலை) ஸ்டூடண்ட், ஆறு மாசம்தான் டைம், காசும் இல்ல. தீசிஸுக்கு என்ன எடுக்கலாம்?

தயவுசெஞ்சு இன்னொரு தடவை எத்தனை சதவீதம்னு எண்ணாதீங்க. ஒரே ஃப்ளோர்ல ஒரே வேலை செய்ற ரெண்டு டீமைப் பிடிங்க. ஒரு டீமுக்கு மணிக்கு 5 நிமிஷம், அதுக்கு டீம் லீட் சம்மதம் எழுத்துல, இன்னொரு டீம் இப்ப இருக்கிற மாதிரியே, ஒன்றரை மாசம் கழிச்சு மாத்திக்குங்க. வலியை வாரா வாரம் பத்துக்கு எவ்ளோன்னு வாட்ஸ்அப்ல கேளுங்க. முடிச்ச வேலையோட கணக்கை கம்பெனிகிட்ட டீமுக்கு மொத்தமா வாங்கிக்குங்க, அது இல்லாம எந்த மேனேஜரும் உங்க ரிசல்ட்டைப் படிக்க மாட்டார். கேள்விகளைத் தமிழ்ல கேளுங்க, இழுக்குது, குத்துது, விண்ணு விண்ணுனு தெறிக்குது, மரத்துப்போகுது எல்லாம் ஒண்ணு இல்ல, இங்கிலீஷ் ஃபார்ம்ல எல்லாம் வலின்னு ஒரே கட்டத்துல விழுந்துடும். எல்லாரோட சொந்த நம்பரையும் முதல் நாளே வாங்கி வெச்சுக்குங்க, ஆபீஸ் ஐடி மட்டும் வாங்காதீங்க, நடுவுல யாராவது வேலையை விட்டுட்டு ஊருக்குப் போயிட்டா முதல்ல அவங்களுக்குத்தான் போன் பண்ணணும்.